ஏற்றத்தில் மட்டும் சூடேறும் பழைய 3எல் கெப்: ஹெட்டைக் கழட்டத்தான் வேண்டுமா?

நானுஓயா_கெப்

வணக்கம். வண்டி 1993 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், மொடல் எல்என்106. 3எல் என்ற வகை டீசல் எஞ்சின், டர்போ இல்லை, 5 கியர் மெனுவல், ஏசி உண்டு.

கம்பளையில் இருந்து மேலே வரும்போது அரிசி, உர மூட்டை என்று 700, 750 கிலோ ஏறும். புசல்லாவை வரை சூட்டு மீட்டர் முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதற்குப் பிறகு மெல்ல ஏறத் தொடங்கி, இறம்பொடை முடக்குகளில் முக்கால் தாண்டி சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய்விடுகிறது. ஓரமாக நிறுத்தி ஐட்லில் விட்டால் இறங்குகிறது. மரக்கறி லோட்டோடு கீழே போகும்போது ஒன்றும் இல்லை. நுவரெலியா டவுனுக்குள் வெறும் வண்டியாக ஓடினாலும் முள் அதே பாதிக்குச் சற்றுக் கீழேதான்.

தெரிந்த விவரங்கள்: தண்ணீர் இரண்டு கிழமைக்கு ஒரு லீட்டர் அளவு குறைகிறது, கீழே சொட்டியதாகத் தெரியவில்லை. ஒயில் சுத்தமாக இருக்கிறது, பால் நிறம் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்புப் புகை வரும். தெர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பழைய கராஜில் எடுத்துவிட்டார்கள். ஃபேன் கவரின் கீழ்ப்பாதி இல்லை. வோட்டர் பம்ப் போன வருடம் மாற்றியது. வண்டி எங்களிடம் வருவதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் பல வருடம் ஓடியது.

இப்போது பார்க்கிற கராஜ் பாஸ், ஹெட் கெஸ்கட் (எஞ்சின் புளொக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழட்ட வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா? அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

கொட்டகலை டீசல்

தம்பி, ஹெட்டைக் கழட்ட இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. தெர்மோஸ்டட் இல்லாத டீசல் எஞ்சின், வெறும் வண்டியாக, நுவரெலியாக் குளிரில் ஓடினால் முள் அடியிலேயே கிடக்க வேண்டும். சூடேறவே மாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது பாதி வரை வந்து நிற்கிறது என்றால், எஞ்சின் தரும் சூட்டை வெளியே தள்ளும் பக்கம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. லோட் இல்லாதபோது சமாளிக்கிறது, லோட் ஏறியதும் முடியவில்லை. தெர்மோஸ்டட்டைக் கழட்டியவர்கள் நோயை மறைத்திருக்கிறார்கள்.

சூடு எப்போது ஏறுகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் பக்கத்தைப் பிரித்துவிடலாம். டவுனில் நின்று நின்று போகும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம். ஏற்றத்தில், லோட்டில் மெல்ல மெல்ல ஏறி, ஓய்வு கொடுத்ததும் இறங்கினால் ரேடியேட்டரின் கொள்ளளவு, காற்று, தண்ணீர் ஓட்டம். காலையில் ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாகி, முள் திடீர் திடீரென்று குதித்து, ரிசேர்வ் போத்தலுக்குத் தண்ணீரை வெளியே தள்ளினால்தான் கெஸ்கட்டை நினைக்க வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை.

ஆனாலும் கெஸ்கட் சந்தேகத்தை வாயால் தீர்க்க முடியாது, சோதித்தே தீர்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த காலையில் செய்யுங்கள்.

முதலில், இரவு முழுக்க நின்ற வண்டியின் மேல் ஹோஸை அமுக்குங்கள். மெதுவாக இருக்க வேண்டும். காலையிலும் இறுகிக் கிடந்தால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போயிருக்கிறது.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் விட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரண்டு குமிழி வருவது அடைபட்ட காற்று, அது நின்றுவிடும். நிற்காமல், ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கச் சரம் சரமாக வந்தால் கெட்ட அறிகுறி. இதையே உறுதிப்படுத்த நீல நிற இரசாயனத் திரவம் போட்ட கெஸ் டெஸ்டர் இருக்கிறது, பெரிய கராஜ்களில் கேளுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் வைத்து ஆவியை அந்தத் திரவத்தின் ஊடாக இழுப்பார்கள். பெற்றோல் எஞ்சின் என்றால் மஞ்சளாகும், டீசலில் பச்சைப் பக்கம் மாறும். கழுத்தில் இருந்து இரண்டு அங்குலம் தண்ணீரைக் குறைத்துவிட்டு வையுங்கள். தண்ணீரே உள்ளே இழுபட்டால் சோதனை கெட்டுவிடும். ஐட்லில் நீலமாகவே இருந்தாலும் அதோடு விட வேண்டாம், சின்ன வெடிப்பு லோட்டில்தான் திறக்கும். ஏறி வந்து நிறுத்தி, மூடியைத் திறக்கிற அளவுக்கு ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

மூன்றாவது, பிரஷர் டெஸ்ட். கைப்பம்பால் 13 பிஎஸ்ஐ ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஊசி இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. வோட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னக் கசிவுத் துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஈய ஒட்டுகள், டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்று தேடுங்கள். முன் சீட்டுக் கால் விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்றும் கையை வைத்துப் பாருங்கள்.

வெளியே எங்கும் இல்லாமல் ஊசி இறங்கினால், பிரஷரில் இரவு முழுக்க விட்டு, காலையில் நாலு குளோ பிளக்கையும் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூட்டு பிளக்) கழட்டி, டீசல் போகாமல் இருக்க டீசல் சொலனொயிட் வயரையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். தண்ணீர் புகை மாதிரிப் பீச்சிக்கொண்டு வரும் துளைதான் பிழை. முகத்தை மேலே வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. இவ்வளவும் பார்த்து ஆதாரம் கிடைத்த பிறகு ஹெட்டைக் கழட்டினால் ஒரு சதம்கூட வீண் இல்லை.

---

ரேடியேட்டர்_பண்டாரவளை

மேலே சொன்னது சரி. நான் இரண்டு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மூடியும் யாழ்ப்பாணமும்.

மலைநாட்டில் ரேடியேட்டர் மூடியைச் சாதாரண சாமானாக நினைக்கக் கூடாது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹட்டன் பக்கம் 96 அளவு. இப்போது தெர்மோஸ்டட்டைப் பாருங்கள். 82 டிகிரி என்று முத்திரை குத்தியது 82இல் திறக்கத் தொடங்கி, முழுதாகத் திறக்க 95 ஆகும். மூடி பிரஷரைப் பிடிக்காவிட்டால், தெர்மோஸ்டட் முழுதாகத் திறக்கும் முன்னரே தண்ணீர் கொதி நிலைக்கு வந்துவிடும். கொழும்பில் அதே மூடியோடு பிரச்சினை இல்லாமல் ஓடுகிற வண்டி இங்கே வந்ததும் பொங்குவது இதனால்தான்.

உங்கள் வண்டிக்கு 0.9 என்று மேலே எழுதிய மூடி, அதாவது கிட்டத்தட்ட 13 பிஎஸ்ஐ. அது சரியாகப் பிடித்தால் நுவரெலியாவில்கூட வெறும் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே. மூடியைத் திருப்பிப் பாருங்கள். பெரிய ரப்பர் வட்டத்தில் கழுத்தின் விளிம்பு ஆழமாகப் பதிந்து, ரப்பர் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் ஆயுள் முடிந்தது. நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் உடனே திரும்பி ஒட்ட வேண்டும். கழுத்தின் உட்புற இருக்கையையும் விரலால் தடவுங்கள், பள்ளமோ சுண்ணாம்புத் துகளோ இருந்தால் புது மூடி போட்டும் பயன் இல்லை. அதிக பிரஷர் நல்லது என்று 1.1க்கு மேல் போடவும் வேண்டாம். பழைய ஈய ஒட்டும் ஹீட்டர் ஹோஸும்தான் முதலில் பிரியும்.

காணாமல் போகிற ஒரு லீட்டரும் பெரும்பாலும் இங்கேதான். சூடேறும்போது தண்ணீர் ரிசேர்வ் போத்தலுக்குப் போகும், ஆறும்போது திரும்ப இழுபடும். கழுத்தில் இருந்து போத்தலுக்குப் போகும் மெல்லிய டியூபில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே போதும், ஆறும்போது தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். அந்த டியூபின் நுனி போத்தலின் அடி வரை போகிறதா என்றும் பாருங்கள். பலர் வெட்டிக் குட்டையாக்கி வைத்திருப்பார்கள்.

அடுத்தது யாழ்ப்பாணம். அங்கே நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரில் கேத்தலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிற அதே வேலை ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எஞ்சின் புளொக்குக்குள்ளும் நடக்கும். பல வருடம் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓட்டிய வண்டி என்றால் என்னுடைய முதல் சந்தேகம் கோரில்தான், அதாவது குழாய்களும் அவற்றோடு ஒட்டிய மெல்லிய ஃபின் தகடுகளும் உள்ள ரேடியேட்டரின் நடுப்பகுதியில். மேலே இருந்து பார்த்தால் குழாய் வாய்கள் திறந்திருப்பதாகத் தெரியும், ஏமாற வேண்டாம். அடைப்பு நடுவிலும் அடியிலும்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

கழட்டாமல் கண்டுபிடிக்க, தூர நின்று சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று இரவல் வாங்குங்கள். பளபளப்பான பித்தளை மேல் அது பிழையாகக் குறைத்துக் காட்டும். மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, அதன் மேல் குறி வையுங்கள். ரப்பர் ஹோஸுக்கு டேப் தேவையில்லை. இறம்பொடைப் பக்கம் முள் ஏறி நிற்கும்போது ஓரமாக்கி, எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு உடனே அளக்க வேண்டும்.

- மேலுக்கும் கீழுக்கும் 6 முதல் 12 டிகிரி வித்தியாசம்: தண்ணீர் ஓட்டம் சரி.
- 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம், மேலே கொதி, கீழே கை வைக்கலாம் போல: தண்ணீர் ஓடுவது குறைவு. அடைப்பு, அல்லது பம்ப், அல்லது கீழ் ஹோஸ்.
- மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சூடு: தண்ணீர் ஓடுகிறது, காற்று போகவில்லை.

பிறகு கோரின் முகத்தில் இடமிருந்து வலமாக, நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை குறி வையுங்கள். மேலே இருந்து கீழே சீராகக் குறைய வேண்டும். ஒரு பக்கம் திடீரென்று குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் செத்துவிட்டன.

கீழ் ஹோஸ் பம்ப் இழுக்கும் பக்கம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒருவர் ஆக்சிலரேட்டர் கொடுக்க, இன்னொருவர் பார்க்கட்டும். ஹோஸ் சப்பையாக ஒட்டினால் அதுவே ஓட்டத்தை மூடுகிறது.

---

வெலிமடை லோட்

அண்ணே, ஃபேன் கவரில பாதி இல்லைன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. அது சின்ன விசயம் இல்லைங்க. இறம்பொடை ஏத்தத்துல லோட்டோட நீங்க போற வேகம் 20, 25 கிலோமீட்டர். அந்த வேகத்துல முன்னால இருந்து வர்ற காத்து ஒன்னுமே இல்லை, முழு வேலையும் ஃபேன் தலையிலதான். கவர் இல்லாட்டி ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம, பக்கத்துல இருக்கிற எஞ்சின் சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்பச் சுத்தும். பழைய கவர் கிடைக்காட்டி மெல்லிய தகரத்துலயாவது கீழ்ப்பாதியைச் செஞ்சு போடுங்க. ஃபேன் இறக்கையோட அகலத்துல பாதி கவருக்குள்ள, பாதி வெளிய இருக்கணும். சுத்தி ஒரு அங்குலத்துக்கு மேல இடைவெளி வேணாம். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தா ஃபேன் கவர்ல உரசும், அதையும் பாத்துட்டுப் பூட்டுங்க. ரேடியேட்டர் பக்கத்து ஓரங்கள்ல இருக்கிற ஸ்பொஞ்ச், ரப்பர் பட்டி எல்லாம் விழுந்திருந்தா அதையும் ஒட்டிடுங்க.

அடுத்தது ஃபேன் கிளச். அதுக்குள்ள சிலிக்கான் ஒயில் இருக்கு, முன்னால இருக்கிற சுருள் தகடு சூட்டுக்கு விரிஞ்சு ஒயிலை உள்ள விடும், அப்பதான் ஃபேன் எஞ்சினோட சேந்து இறுக்கமாச் சுத்தும். ஏத்தம் ஏறி வந்த உடனே எஞ்சினை நிப்பாட்டிட்டு, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, ஃபேனைக் கையால ஒரு தட்டு தட்டுங்க. இறுக்கமா, கொஞ்சம் நகந்து நிக்கணும். ரெண்டு சுத்து சும்மா சுத்துனா கிளச் முடிஞ்சுது. முன்பக்கம் நடுவுல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி படிஞ்சிருந்தாலும் ஒயில் கசிஞ்சிட்டுன்னு அர்த்தம். நல்ல கிளச் சூடான ஏத்தத்துல லொறி மாதிரி ஒரு இரைச்சல் குடுக்கும். அந்தச் சத்தம் உங்க வண்டியில கேக்குதா? திருகாணி போட்டுப் பூட்டின கிளச்னா பிரிச்சு 6,000 இல்லாட்டி 10,000 சிஎஸ்டி (ஒயிலோட தடிப்பு அளவு) சிலிக்கான் ஒயில் விடலாம். பெயரிங் ஆடுச்சுன்னா விட்டுப் பிரயோசனம் இல்லை, மாத்துங்க. கிளச்சை வெல்டிங் வச்சு இறுக்கிற வேலை மட்டும் வேணாம். வோட்டர் பம்ப் பெயரிங்கைத் தின்னுடும்.

பெல்ட்டைப் பெருவிரலால அமுக்குனா 10, 12 மில்லிமீட்டர் இறங்கணும். பக்கவாட்டு பளபளன்னு இருந்தா லோட்டுல வழுக்கும். சும்மா நிக்கும்போது பாத்தா ஒன்னும் தெரியாது.

கறுப்புப் புகைன்னு சொன்னீங்க. நுவரெலியா உயரத்துல காத்தழுத்தம் கீழே இருக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அவ்வளவு காத்துக் குறையுது, பம்ப் குடுக்கிற டீசல் மட்டும் குறையாது. ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா இன்னும் மோசம். பவருக்காக யாராவது பம்ப்ல டீசல் ஸ்க்ரூவைக் கூட்டி வச்சிருந்தா புகையோட சூடும் சேந்து வரும். கொஞ்சம் குறைச்சாத் தாராளமா இறங்கும். நாலு சில்லையும் தொட்டுப் பாருங்க, ஏத்தம் ஏறி வந்ததும் ஒரு சில்லு மட்டும் கொதிச்சா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு, எஞ்சின் அதையும் சேத்து இழுக்குது.

ஓட்டுற விதமும் இருக்குங்க. மூணாம் கியர்ல 1,500 ஆர்பிஎம்ல ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு முனகிக்கிட்டு ஏறுனா சூடு கூட, பம்பும் ஃபேனும் மெதுவா. ரெண்டாம் கியருக்கு இறக்கி 2,500 பக்கம் வச்சு, கால் கொஞ்சம் தளத்தி ஏறுங்க. ஏசியை கொத்மலைக்கு மேல நிப்பாட்டிடுங்க, குளிருக்கு அது தேவையும் இல்லை.

---

கொட்டகலை டீசல்

வெலிமடைத் தம்பி சொன்ன டீசல் ஸ்க்ரூ விடயத்தைக் கடைசியில் செய்யுங்கள். ரேடியேட்டர் பிழையை டீசலைக் குறைத்து மறைத்தால் தெர்மோஸ்டட்டைக் கழட்டிய கதைதான்.

ஒன்று விடுபட்டுப்போனது. முள் சொல்வது உண்மையா என்றும் பாருங்கள். ஹெட்லைட், ஹீட்டர் புளோவர் போட்டதும் முள் மேலே போனால் எஞ்சின் எர்த் வயர் பிழை. துப்பாக்கியால் தெர்மோஸ்டட் வீட்டில் (தெர்மோஸ்டட் உட்காரும் கூடு), சென்சருக்குப் பக்கத்தில் அளந்து, முள் முக்காலில் இருக்கும்போது உண்மையில் எத்தனை டிகிரி என்று குறித்துவையுங்கள். பிறகு அந்தக் குறிப்பே உங்களுக்கு மீட்டர்.

---

நானுஓயா_கெப்

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ஹோஸ் மெதுவாக இருக்கிறது. குமிழி வந்து நின்றுவிட்டது. நீலத் திரவம் ஐட்லிலும், ஏறி வந்து ஆறிய பிறகும் நீலமாகவே இருந்தது. மூடி டெஸ்டரில் 4 பிஎஸ்ஐயில் விட்டுவிட்டது. போத்தல் டியூபில் கழுத்துக்குக் கிட்ட வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். இறம்பொடையில் முள் முக்காலில் இருக்கும்போது மேல் டேங்க் 98, கீழ் ஹோஸ் 69. கோரின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு 45 டிகிரிதான். கீழ் ஹோஸ் சப்பையாகவில்லை. ஃபேன் சூட்டிலும் சும்மா சுற்றுகிறது, இரைச்சல் கேட்டதே இல்லை. ஹெட்லைட் போட்டாலும் முள் அசையவில்லை.

ரேடியேட்டரைக் கழுவினால் போதுமா, கோர் மாற்றுவதா, அல்லது அலுமினியம் பிளாஸ்டிக் புது ரேடியேட்டர் போடுவதா? தெர்மோஸ்டட் திரும்பப் போட வேண்டுமா?

---

ரேடியேட்டர்_பண்டாரவளை

98க்கும் 69க்கும் 29 டிகிரி வித்தியாசம், ஒரு பக்கம் 45. கோர் அடைத்துவிட்டது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பம்ப்பைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம். ரேடியேட்டரைக் கழட்டும்போது பம்ப்பின் வாய்க்குள் டோர்ச் அடித்து, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இறக்கைகள் தின்னப்படாமல் இருக்கின்றனவா, தண்டில் வழுக்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வண்டியில் வைத்தே இரசாயனம் விட்டுக் கழுவுவது இந்த நிலையில் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு அடைத்த கோரில் சுண்ணாம்பு இளகினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து, திறந்திருக்கும் குழாய்களையும் அடைக்கும். கழட்டி ரேடியேட்டர் கடைக்குக் கொடுங்கள். மேல் கீழ் டேங்குகளின் ஈயத்தை இளக்கிக் கழட்டி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுத் துலக்குவார்கள். அதற்கு முன் ஃபின்களை விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தால் துலக்கியும் பயன் இல்லை, ஃபின் குழாயோடு ஒட்டாவிட்டால் சூடு காற்றுக்குப் போகாது. அப்போது அதே டேங்குகளுக்கு நடுவில் புதுச் செம்புக் கோர் போடுவதே என் தெரிவு. அலுமினியம் பிளாஸ்டிக் ரேடியேட்டரிலும் வண்டி நன்றாக ஓடும், எடையும் குறைவு. ஆனால் பிளாஸ்டிக் டேங்க் வெடித்தால் தலவாக்கலையில் ஒருவரும் ஒட்டித்தர மாட்டார்கள். செம்பு என்றால் ஈயத்தால் ஒட்டிவிடலாம். எந்தப் புது ரேடியேட்டர் வாங்கினாலும் தடிப்பைப் பழையதோடு அளந்து பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே வண்டிக்கு என்று மெல்லிய கோரும் கொடுப்பார்கள்.

வேலை முடிந்து வரும்போது கடையிலேயே கீழ் வாயைக் கையால் அடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, கையை எடுங்கள். வாய் அளவுக்குத் தடையில்லாமல் கொட்டி முடிய வேண்டும்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே எஞ்சினுக்குள் இருப்பதைக் கழுவுங்கள். புளொக்கின் பக்கத்தில் வடிகால் திருகு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒருவரும் தொடாமல் சேறு அடைத்திருக்கும், கழட்டியும் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். ஹோஸ் தண்ணீரை மேல் வாயால் விட்டு, அங்கே இருந்து தெளிவாக வரும் வரை விடுங்கள். சுண்ணாம்பு பிடித்திருந்தால் லீட்டருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் வெந்நீரில் கரைத்து, எஞ்சினுக்குள் நிரப்பி, அரை மணித்தியாலம் வைத்து எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், பம்ப்பும் தெர்மோஸ்டட் வீடும் அலுமினியம். பிறகு அப்பச்சோடா கரைசலால் ஒரு தடவை, வெறும் தண்ணீரால் பல தடவை. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பூச்சியும் சேறும் பாய் மாதிரிப் படிந்திருக்கும், எஞ்சின் பக்கம் இருந்து முன்னோக்கிச் சாதாரண ஹோஸால் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் ஃபின்களை மடித்துவிடும்.

---

கொட்டகலை டீசல்

தெர்மோஸ்டட் கட்டாயம் போட வேண்டும். 82 டிகிரி, நல்ல தயாரிப்பு. போடும் முன் பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, திறக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாவில் இருந்தே செய்தால் தண்ணீர் 94இல் கொதித்துவிடும், முழுதாகத் திறக்காவிட்டால் தெர்மோஸ்டட் பிழை என்று எறிந்துவிட வேண்டாம். நன்றாகத் திறந்து, ஆறியதும் மூடினால் சரி. அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருந்தால் கவனியுங்கள். சூடானதும் பை-பாஸ் வழியை மூடுவது அதுதான். அது இல்லாமல் ஓடும்போது ஒரு பங்கு சூட்டுத் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பும். கழட்டினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். ஆடும் சின்ன ஊசி உள்ள துளை மேலே இருக்கும்படி பூட்டுங்கள், காற்று அதனால்தான் வெளியே போகும்.

நிரப்புவதற்கு மொத்தம் 10 லீட்டர் அளவு பிடிக்கும். கூலன்ட் கொன்சன்ட்ரேட் 4 முதல் 5 லீட்டர், மிச்சம் டிஸ்டில் வோட்டர். ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கிற கூலன்ட் என்றால் மேலும் கலக்காதீர்கள். கூலன்ட் துருவையும் சுண்ணாம்பையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும், அதனால் நமக்கு எஞ்சின் தண்ணீர் உறைகிற அளவு குளிர் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் ஹோஸைத் துண்டித்து மடக்கியிருந்தால் அந்த இடத்தில் காற்று நிற்கும், கிளிப்பைத் தளர்த்தி வெளியேற்றுங்கள். மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஐட்லில் விடுங்கள். தெர்மோஸ்டட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பிப் புது மூடியைப் பூட்டி, போத்தலை மேல் கோடு வரை விடுங்கள். அடுத்த நாள் காலை குளிர்ந்த பிறகு கழுத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அரை லீட்டர் இன்னும் பிடிக்கும்.

ஃபேன் கிளச்சும் கவரும் செய்யாமல் முழு லோட்டோடு ஏற வேண்டாம், ரேடியேட்டர் புதிதானாலும்.

---

வெலிமடை லோட்

வேலை முடியிற வரைக்கும் ஏத்தத்துல முள் ஏறுனா என்ன செய்யணும்னும் சொல்லிடறேன். சிவப்புக்கு வர்றதுக்கு முன்னாலயே ஓரமாக்குங்க. பெல்ட் இருக்கு, தண்ணி கொட்டலைன்னா எஞ்சினை நிப்பாட்டாம 1,200, 1,500 ஆர்பிஎம்ல விட்டு, ஹீட்டரை முழுசாத் திறந்து, பொனெட்டைத் தூக்கி வையுங்க. உடனே நிப்பாட்டுனா ஹெட்ல இருக்கிற சூடு அங்கேயே தங்கித் தண்ணி கொதிக்கும். பெல்ட் அறுந்தாலோ, ஹோஸ் வெடிச்சாலோ, முள் சிவப்புல ஏறிட்டாலோ மட்டும் உடனே நிப்பாட்டுங்க. முக்கால்ல இருந்த முள் திடீர்னு பொத்துன்னு விழுந்தா சந்தோசப்படாதீங்க. சென்சர் தண்ணியில இல்லாம ஆவியில நிக்குதுன்னு அர்த்தம்.

மூடியை அரை மணித்தியாலத்துக்கு முன்னால தொடவே வேணாம். இறம்பொடை ஓடைத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அதைக் கொதிக்கிற எஞ்சினுக்குள்ள ஊத்துனா இல்லாத ஹெட் வெடிப்பு அப்பதான் வரும். ஆறுனதுக்கு அப்புறமும் எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

---

ரேடியேட்டர்_பண்டாரவளை

எல்லாம் பூட்டிய பிறகு அதே லோட்டோடு, அதே இடத்தில், அதே டேப் துண்டுகளில் திரும்ப அளந்து எழுதுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 12க்குள் வந்தும் மேல் டேங்க் 95க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அது ஃபேன் கிளச் அல்லது கவர். சூடு சரியாகியும் தண்ணீர் இன்னும் குறைந்தால் கொட்டகலையார் சொன்ன இரவுப் பிரஷர் டெஸ்டும் குளோ பிளக் சோதனையும். அதிலே ஒரு துளையில் தண்ணீர் வந்தால்தான் ஹெட்டைக் கழட்டுவது, கழட்டினால் மட்டக் கோல் வைத்து வளைவு பார்க்காமல் கெஸ்கட் வாங்க வேண்டாம். 3எல்லுக்குக் கெஸ்கட் மூன்று தடிப்பில் வரும். பிஸ்டன் புளொக்கின் மேல் எவ்வளவு துருத்துகிறது என்று அளந்தே எது என்று தீர்மானிக்க வேண்டும்.